மலை தெரியும் திண்ணை

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணையாறு, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வழியே கிழக்கு நோக்கி இறங்கி, சாத்தனூர் அணையைக் கடந்து, திருக்கோவிலூரை அடைகிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் அந்தத் திருத்தலத்தில், ஒரு மழை இரவில் நிகழ்ந்ததை வைணவ அன்பர்கள் அனைவரும் அறிவர். காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வார் மழைக்கு ஒதுங்க மிருகண்டு முனிவரின் இல்லத்து இடைகழியை அடைந்தார், படுத்துக்கொண்டார். கடல்மல்லையின் பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் அமர்ந்துகொண்டனர். மயிலையின் பேயாழ்வார் வந்தார். மூவரும் எழுந்து நின்றனர். நான்காவதாக ஒருவர் உள்ளே புகுந்து நெருக்குவதை இருளில் உணர்ந்தனர். அந்த நெருக்கத்திலிருந்துதான் நூறு நூறு பாசுரங்களாக மூன்று திருவந்தாதிகள் பிறந்தன என்பது மரபு.

உலகளந்த பெருமான் தம் அன்பரைத் தேடி வந்த இடம் கருவறை அன்று, கூடமும் அன்று. ஒருவர் படுக்க, இருவர் அமர, மூவர் நிற்க மட்டுமே இடம் தந்த ஒரு நடைபாதை. உள்ளும் அல்லாத, புறமும் அல்லாத ஓர் இடம்.

நம் முன்னோர் எழுப்பிய இல்லங்களில் இத்தகைய இடங்கள் பல இருந்தன. வாசலில் திண்ணை, அதைக் கடந்தால் ரேழி, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கடைசியில் புழக்கடையை ஒட்டி ஒரு பின்கட்டுத் திண்ணை. முன்திண்ணை ஊருக்கு உரியது. வழிப்போக்கர் இளைப்பாறினார், திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்தது, வழக்குகள் தீர்ந்தன. பின்திண்ணையோ வீட்டுப் பெண்களுக்கு உரியது. கீரை ஆய்வதும், பூத்தொடுப்பதும், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதும், மாமியாரும் மருமகளும் பிறர் காதில் விழாமல் ஒன்றைப் பேசித் தீர்ப்பதும் அங்கேதான். மனை சுருங்கியபோது முதலில் மறைந்தது இந்தப் பின்திண்ணை. மறைந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை. அதற்காகக் குரல் கொடுக்க அங்கே ஆண்கள் எவரும் உட்கார்ந்திருந்ததில்லை.

அரூருக்கும் தீர்த்தமலைக்கும் இடையே ஒரு சிற்றூர். அங்கே ஒரு குடும்பம். கணவனை இழந்த மூதாட்டி, அவருடைய மகன், மருமகள், பள்ளி செல்லும் இரண்டு பேரப்பிள்ளைகள். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போவார். தமிழக அரசு 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. 300 சதுர அடி. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, முன்புறம் சிறு தாழ்வாரம், சூரிய மின்சக்தி விளக்குகள். மண்சுவரும் நாட்டு ஓடுமாக ஒழுகிக்கொண்டிருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு இந்தக் கெட்டியான வீட்டிற்குள் குடிபுகுந்த நாளில், மூதாட்டி மனநிறைவோடு பால் காய்ச்சினார். பழைய வீட்டுத் திண்ணையில் பதித்திருந்த ஆறடி நீளக் கருங்கல் பலகை மட்டும் புழக்கடைக்குப் போய்த் துவைக்கும் கல்லாயிற்று.

வீட்டின் வாசல் மேற்குப் பார்த்தது. பின்கதவைத் திறந்தால் கிழக்கே தீர்த்தமலை தெரியும். தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியிருக்கும் மலை. அருணகிரிநாதர் பாடிய தலம். மூதாட்டி தம் வாழ்நாள் முழுவதும் மலையைப் பார்த்துக் கும்பிட்ட பிறகே அடுப்பைப் பற்றவைத்தவர். மாசித் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் மலையேறி, இராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொண்டு வருபவர். இதைத் தவிர, ஊர் ஈசுவரன் கோயிலின் காலைப் பூசைக்கு நாள்தோறும் ஒரு மாலை தொடுத்துக் கொடுப்பது அவருடைய வழக்கம். சாமந்தியும் குண்டுமல்லியும் விளையும் மாவட்டம் அது. பூவுக்குப் பஞ்சமில்லை.

ஓர் ஐப்பசி மழையில் பின்வாசல் படியில் அவர் வழுக்கி விழுந்தார். படி என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் கட்டப்பட்டிருக்கவில்லை. தரைமட்டத்திற்கும் கதவு நிலைக்கும் இடையே இருபது அங்குல உயரம்; அதற்கு நடுவே ஆட்டம் கொடுக்கும் ஒரு கல். அவ்வளவுதான். எலும்பு முறியவில்லை. ஆனால் ஏற்கெனவே தேய்ந்திருந்த முழங்கால் அதன் பிறகு மடங்க மறுத்தது. தரையில் அமர்ந்தால் இருவர் தூக்கிவிட வேண்டும். தரையில் அமராமல் அவருக்குப் பூத்தொடுக்க வராது. கட்டிலில் உட்கார்ந்து தொடுத்துப் பார்த்தார். நாரைக் கால் விரலில் மாட்டி இழுத்துப் பழகிய கைக்கு அது வசப்படவில்லை. மாலைக் கைங்கரியம் நின்றது. பின்கதவும் பெரும்பாலும் சாத்தியே இருந்தது. மலை முந்நூறு சதுர அடிக்கு வெளியே போய்விட்டது.

அந்த நேரத்தில் மகன் 90,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். நான்கு ஆண்டு மிகை நேர உழைப்பின் சேமிப்பு. அதைக் கொண்டு வீட்டின் பின்புறம் பன்னிரண்டடிக்கு ஏழடியில் ஓர் அறை எழுப்பி, மேலே தகரக் கூரை போட்டு, மனைவிக்குத் தையற்கூடமாக்கித் தருவது என்று முடிவாகியிருந்தது. முடிவை மனைவியே கேட்டு வாங்கியிருந்தார். கூடத்து மூலையில் இருந்த தையல் இயந்திரத்தை ஒவ்வோர் இரவும் நகர்த்தினால்தான் பிள்ளைகளுக்குப் பாய் விரிக்க இடம் கிடைக்கும். தனி அறை இருந்தால் சுற்றுப்புற ஊர்களின் கல்யாணத் துணிகளையும் வாங்கித் தைக்கலாம். மாதம் மூவாயிரமாவது கூடுதலாக வரும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழை ஏதும் இல்லை. அந்தப் பன்னிரண்டுக்கு ஏழைத் தவிர மனையில் வேறு இடமும் இல்லை.

மூதாட்டி எதுவும் சொல்லவில்லை. "நல்லது, கட்டுங்க" என்று மட்டும் சொன்னார். பின்புறத்தை அறையாக அடைத்துவிட்டால் மலை இனி என்றைக்கும் தெரியாது என்பதை அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை.

மாசித் திருவிழா வந்தது. விடியற்காலையில் மருமகள் கண்விழித்தபோது பின்கதவு திறந்திருந்தது. மாமியார் நிலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒரு காலை அந்த ஆடும் கல்லின் மேல் வைத்து, மறுகாலை உள்ளேயே விட்டபடி நின்றிருந்தார். உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. கிழக்கு வெளுக்கும் வரையில் அவர் அப்படியே நிற்க எண்ணியிருக்கிறார்.

"அத்தை, விழுந்துட்டா என்ன ஆகும்?"

"இன்னைக்கு ஒருநாள் பாத்துக்கிறேம்மா. அப்புறம் நீங்க செவுரு வெச்சிருவீங்க இல்ல."

அதில் குறை கூறும் தொனி இருந்திருந்தால் மருமகள் பதில் சொல்லியிருப்பார். அது இல்லாததால் அவருக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மாமியாரைத் தோளோடு அணைத்து, வெளிச்சம் பரவி மலை முழுதும் தெரியும் வரையில் உடன் நின்றார்.

அந்த வாரம் ஊருக்கு வந்த கணவனிடம் அவர் சொன்னது ஒன்றே: "ரூம் வேண்டாங்க. திண்ணையாப் போட்டுக்கலாம்." கணவருக்குக் கோபம் வந்தது. நான்கு ஆண்டு உழைப்பைத் திண்ணையில் கொட்டுவதா என்று கேட்டார். மிசின் எங்கே போகும், வருமானம் எங்கே வரும் என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். கடன் வாங்கி இரண்டையும் கட்டலாம் என்று ஒரு வழியும் சொன்னார். மகளிர் குழுவில் தவணை கட்டத் திண்டாடும் வீடுகளைப் பார்த்தறிந்த மருமகள் அதற்கு இணங்கவில்லை. இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மகன் தாமே மேஸ்திரியை அழைத்து வந்தார்.

ஆடியில் மனை வேலை தொடங்கும் வழக்கம் இல்லை என்பதால் வைகாசியில் நல்ல நாள் பார்த்து வாணம் தோண்டினார்கள். ஒன்றரையடி அகலம், இரண்டடி ஆழம். அதில் கருங்கல்லை அடுக்கிச் சிமெண்டுக் கலவையால் கட்டி, தரைக்கு மேல் இருபது அங்குலம் எழுப்பினார்கள். நடுப்பள்ளத்தில் சரளை மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். ஒரே மூச்சில் மண்ணை நிரப்பி மேலே தளம் போட்டால் முதல் மழைக்கே உள்மண் அமர்ந்து தளம் வெடித்துவிடும் என்று மேஸ்திரி விளக்கினார். அவசரத்தில் கட்டிய திண்ணைகள் பல விரிசல் விடுவதற்குக் காரணம் இதுவே.

கல்லால் கட்டும் கலை இந்த மண்ணுக்குப் புதியதன்று. தருமபுரிக் கோட்டைக் கோயில்களுக்குச் சென்றவர்கள் மல்லிகார்ச்சுனர் சந்நிதி மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் தொங்கும் தூண்களை வியந்திருப்பார்கள். காமாட்சியம்மன் சந்நிதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுவதைக் குனிந்து பார்த்தவர்கள் குறைவு. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று கோயிலின் அதிட்டானத்திற்கு உறுப்புதோறும் பெயரிட்ட சிற்பிகள், கருவறையின் அபிடேக நீர் வடக்கே வழிந்தோடக் கோமுகியும் அமைத்தார்கள். தாங்கும் அடியும் வடியும் வழியும் செம்மையாக இருந்தால்தான் மேலே நிற்பது நிலைக்கும். கோயிலுக்கு உரிய இந்த நியதி வீட்டுத் திண்ணைக்கும் உரியது. மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சுவரிலிருந்து விளிம்பு வரையிலான ஏழடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்தார். சாரல் நீர் நிலைக்கதவை நோக்கி வராமல் வெளியே ஓடிவிடும். நடப்பவர் காலுக்கு அந்தச் சரிவு தெரியாது.

வழவழப்பான ஓட்டுக்கல்லைப் பதிக்கலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார் மகன். மேஸ்திரி மறுத்துவிட்டார். ஈரக்காலோடு வரும் முதியவருக்கு மெருகேற்றிய தளம் பகை. கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பலகைகளையே பதித்தார். இருபது அங்குல உயரத்தை ஐந்து ஐந்து அங்குலமாகப் பிரித்து அகலமான படிகள் அமைத்தார். பக்கத்தில் பிடித்து இறங்க இரும்புக்குழாய்க் கைப்பிடி. படியின் உயரம் அரையடிக்கு மேற்போனால் முழங்கால் நோவுள்ளவர்க்கு ஒவ்வொரு படியும் ஒரு மலை.

அடுத்தது உட்காரும் திண்ணை. எவ்வளவு உயரம் என்று மகன் கேட்டபோது மேஸ்திரி நாடாவை எடுக்கவில்லை. செங்கற்களை அடுக்கச் சொன்னார். "பெரியம்மா, இதுல உக்காந்து எழுந்து பாருங்க." நான்கு வரிசையில் எழ முடியவில்லை. ஐந்து வரிசையில் மருமகளின் கை தேவைப்பட்டது. ஆறாவது வரிசை வைத்த பிறகு மூதாட்டி தொடையில் கை ஊன்றித் தாமாகவே எழுந்தார். மூன்று அங்குலச் செங்கல் ஆறு, பதினெட்டு அங்குலம். அதுவே அளவாயிற்று. எட்டு மாதத்திற்குப் பிறகு எவர் உதவியும் இல்லாமல் எழுந்து நின்ற அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்த மகன், அதன் பிறகு செலவைப் பற்றிப் பேசவில்லை.

அந்த இருக்கையின் மேல் எந்தக் கல்லைப் பரப்புவது என்பதை மருமகள் சொன்னார். புழக்கடையில் துவைக்கும் கல்லாகக் கிடந்த பழைய திண்ணைப் பலகை. ஆறு பேர் கூடித் தூக்கி வைத்தார்கள். பல தலைமுறை உட்கார்ந்து மழுங்கிய பக்கத்தை மேஸ்திரி சுவரோரமாகத் திருப்பி, சொரசொரப்பான பக்கத்தை முன்னே வைத்தார். பனங்கைகளின் மேல், இடித்த வீட்டில் அடுக்கி வைத்திருந்த நாட்டு ஓடுகளைப் பரப்பினார்கள். தகரம் போட்டிருந்தால் சித்திரை வெயிலில் கீழே உட்கார இயலாது. தென்கோடியில் இரண்டரையடி உயரத்திற்கு ஒரு கைப்பிடிச் சுவர். யாரும் கேட்காமலேயே அதில் ஒரு சிறு விளக்கு மாடம் விட்டுக் கட்டியிருந்தார் மேஸ்திரி. "கெழக்கப் பாத்த எடம். வெளக்கு வெக்காம இருக்க முடியுமா?" என்பது அவர் தந்த விளக்கம். தளம் இறுக ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். பேரப்பிள்ளைகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

செலவு 65,000 ரூபாய்க்குள் அடங்கியது. கடன் இல்லை. எஞ்சிய 25,000 ரூபாயில் மருமகள் தம் பழைய இயந்திரத்திற்கு மின்மோட்டார் பொருத்தி, துணியின் ஓரம் அடிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கினார். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பகலில் அங்கேயே தைக்கிறார். தனி அறையில் கிடைத்திருக்கும் வசதி இதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிக்காற்றில் புழுதி பறந்து வெள்ளைத் துணியில் படிகிறது. மழை வந்தால் எல்லாவற்றையும் உள்ளே தூக்க வேண்டும். பட்டுத்துணி வேலையை அவர் ஏற்பதில்லை. எதிர்பார்த்த மூவாயிரம் வருவதில்லை. சில மாதங்களில் அதில் பாதிகூட வருவதில்லை. இந்த இழப்பை அவர் அறிந்தே ஏற்றார். மாமியாரிடம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மூதாட்டி மீண்டும் பூத்தொடுக்கத் தொடங்கினார். கால் விரலில் நாரை மாட்ட இயலாதாகையால், திண்ணையின் முன்னே ஒரு மரமுளையை நட்டு அதில் நாரைக் கட்டிக்கொள்கிறார். ஆனால் முன்போல் விரல்கள் ஓடவில்லை. ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம். காலைப் பூசைக்கு மாலை தயாராவதில்லை. அது அவரை மிகவும் வருத்தியது. காலம் தவறிய பணி கடவுளுக்கு எதற்கு என்று சொல்லி ஒருநாள் பூக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டார்.

மாலை வாங்க வந்த கோயில் குருக்கள் திண்ணையில் அமர்ந்து, அந்த மலையின் கதையையே அவருக்கு நினைவூட்டினார். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமபிரான் இம்மலையில் சிவபூசை செய்ய விழைந்து, காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாயிற்று. பூசைக்குரிய வேளை கடந்துவிடும் என்று இராமர் மலையில் அம்பு தொடுக்க, இராமர் தீர்த்தம் பெருகியது. அதைக் கொண்டு பூசையும் நிறைவேறியது. நீரோடு வந்த அனுமன், தம் உழைப்பு பயன்படாமற் போயிற்றே என்று அதை வீசியெறிந்தார். அது விழுந்த இடம்தான் அரூரிலிருந்து ஊத்தங்கரை செல்லும் வழியில் பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தம்.

"வேளை தவறி வந்த தண்ணிதான் அது. ஆனா அதுலயும் சனங்க முழுகித்தானே மலைக்கு வர்றாங்க? நீங்க சாயரட்சைக்குக் கொடுங்க, போதும்" என்றார் குருக்கள்.

அன்று முதல் அவர் தொடுக்கும் மாலை, விளக்கு வைக்கும் நேரத்துப் பூசைக்குப் போகிறது. கொண்டு சேர்ப்பது பேத்தி. பேரன் அந்தத் திண்ணையில் அமர்ந்து பாடம் படிக்கிறான். பிற்பகலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பூ ஆய்ந்து கொடுக்க வருகிறார்கள். அவர்களில் ஒருவர் கணவருடைய குடியால் துன்புறுபவர். தம் வீட்டில் வாய்விட்டு அழ முடியாத அவர், இங்கே பூவை ஆய்ந்தபடியே அழுதுவிட்டுப் போகிறார். மூதாட்டி அறிவுரை எதுவும் சொல்வதில்லை. நகர்ந்து இடம் கொடுக்கிறார்.

இடைகழியின் பெருமை அதன் அளவில் இல்லை. ஒருவர் படுத்திருக்கும்போது இன்னொருவர் வந்தால் எழுந்து உட்காரவும், மூன்றாமவர் வந்தால் எழுந்து நிற்கவும் அதில் இருந்தவர்களுக்கு மனம் இருந்தது. அந்த மனத்தைக் கண்டே நான்காமவர் வந்தார். எண்பத்து நான்கு சதுர அடிக்காக ஒரு மருமகள் தமக்கு முடிவாகியிருந்த அறையை விட்டுக்கொடுத்ததும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

மாடிமேல் மாடி எழுப்புவோர் எழுப்பட்டும். வீடு கட்டவோ திருத்தவோ எண்ணும் அன்பர்கள், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: காலையில் எந்தத் திசையைப் பார்த்து உட்கார அவருக்கு விருப்பம் என்று. அடுக்ககத்தில் குடியிருப்போர்க்கு ஒரு பலகணியும் ஒரு நாற்காலியும் போதும். நாற்காலி அவர் தாமாக எழும் உயரத்தில் இருக்கட்டும். அருகே ஒரு விளக்கு வைக்க இடம் விடுங்கள்.